தகப்பன் சுமக்கும் பிள்ளை



சம்பளம் போட்ட மறு ஞாயிறு பட்டணத்துக்குப் போய்வருவது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திருவிழா. எனக்கு அந்தத் திருவிழாவில் பிடித்த இடம் சீன மருந்துக் கடை. வேரும் பட்டையும் காய்ந்த பூக்களும் நிரம்பிய கண்ணாடிச் சாடிகளுக்கு நடுவே ஒரு சாடியில், குதிரைத் தலையும் குரங்கு வாலுமாக, விரல் நீளத்தில் காய்ந்து சுருண்ட பிராணிகள் கிடக்கும். மரத்தில் செதுக்கிய பொம்மை என்று நான் நினைத்தேன். பூச்சி என்றார் என் தாயார். கடைக்காரர் மலாயில் "குடா லாவுட்" என்றார். நமக்குக் குடா என்றால் கடல் வளைந்து உள்ளே வரும் இடம்; மலாய்க்காரருக்குக் குடா என்றால் குதிரை. லாவுட் என்றால் கடல். ஆகக் கடல்குதிரை.

அது பொம்மையுமன்று, பூச்சியுமன்று, மீன். செவுளால் மூச்சுவிடுகிறது, துடுப்பால் நீந்துகிறது, முதுகெலும்பும் உண்டு. நம் ஜொகூர் மாநிலத்திலேயே, கேலாங் பாத்தாவுக்கு அப்பால் பூலாய் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், கடலடிப் புல்லை வாலால் பிடித்துக்கொண்டு அது வாழ்கிறது. அதன் குடும்பத்தில் பிள்ளையைச் சுமப்பவனும் பெறுபவனும் தகப்பன். இந்த வழக்கம் எப்படி வந்தது, மனிதர் அதை எப்படிக் கண்டறிந்தனர், அந்தப் புல்வெளிக்கு நம் காலத்தில் என்ன நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் பெயர் வைத்த கதை. கடல்குதிரைகளுக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் விஞ்ஞானப் பெயர்களில் இரண்டு, நமக்கு மிக அருகிலேயே பிறந்தவை. தியோடோர் கான்டர் என்பவர் டென்மார்க்கில் பிறந்த மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் பினாங்கில் இருந்தவர். மருத்துவமனை வேலை போக மிஞ்சிய நேரத்தில் மலாயாவின் மீன்களை எல்லாம் சேர்த்து 1849-50இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். வாலில் புலிபோல் வரி ஓடும் கடல்குதிரை அதில்தான் முதன்முதல் பெயர் பெற்றது. பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுப் படையில் மருத்துவராக இருந்த பீட்டர் பிளீக்கர், சிங்கப்பூரிலிருந்து கிடைத்த மீன்களை ஆராய்ந்து 1852இல் மற்றொரு வகையை வருணித்தார். மலாய் மக்கள் வாயில் வழங்கிய "குடா" என்ற சொல்லையே அதற்கு விஞ்ஞானப் பெயராக்கினார். பூலாய் முகத்துவாரத்தில் வாழ்வது இந்தக் குடா வகைதான். வெள்ளைக்கார மருத்துவர்கள் புத்தகத்தில் எழுதினார்கள் என்றாலும், பிராணியைக் கண்டு பெயர் சொன்னவர்கள் கரையோரத்து மீனவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

பெயர் வைப்பது எளிது. யாருக்குக் கர்ப்பம் என்று கண்டுபிடிப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஊசிபோல் நீண்ட ஒரு மீன் வயிறு பிளந்து முட்டைகளை வெளியே விடுகிறது, பின்னர் அந்தப் பிளவு கூடிக்கொள்கிறது என்று எழுதிவைத்தார். கடல்குதிரைக்குப் பங்காளி முறையான குழல்மீனைத்தான் அவர் கண்டிருக்க வேண்டும். பார்த்தது சரி. ஆனால் வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவரும் எண்ணினார், அவருக்குப் பின் வந்தவர்களும் எண்ணினார்கள். 1830களில் சுவீடன் நாட்டில் எக்ஸ்ட்ரோம் என்னும் பாதிரியார், தம் ஊர்க் கடலில் பிடித்த குழல்மீன்களை அறுத்துப் பார்த்தார். வயிற்றில் பை உள்ளவை எல்லாம் ஆண்கள்! 1871இல் டார்வின் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் இந்த ஆண்மீன்களைக் குறிப்பிடும்போது, அது ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகிவிட்டிருந்தது. வீட்டில் பிள்ளை வளர்ப்பது யார் வேலை என்பதில் மனிதர் கொண்ட முடிவைக் கடலுக்குள்ளும் கொண்டுபோனதால் வந்த தாமதம் இது என்பது என் எண்ணம்.

இனி அந்தப் பைக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

ஆணுக்கு அடிவயிற்றில், வால் தொடங்குமிடத்தில், தோலால் ஆன ஒரு பை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலையில் மடி கட்டிக்கொள்வார்கள் அல்லவா, ஏறத்தாழ அதைப்போல. ஆனால் வாய் சிறுத்து மூடிக்கொள்ளக் கூடியது. கூடும் வேளையில் ஆணும் பெண்ணும் நிறம் வெளிறி, ஒரே புல்லைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்து, பின்னர் இரண்டுமாக நீரில் நிமிர்ந்து மேலெழும். அப்போது பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் செலுத்திவிடும். சில நொடிகளில் அவள் பங்கு முடிந்தது. முட்டை கருவாவது பைக்குள்தான்.

பை வெறும் கூடை அன்று. முட்டைகள் அதன் உட்சுவரில் பதிந்துகொள்ளும். சுவரில் இரத்தக் குழாய்கள் பெருகும். தகப்பனின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவும் சத்தும் கருவுக்குச் செல்லும். முதலில் பைக்குள் இருக்கும் நீரின் உப்பு, தகப்பன் உடம்பின் உப்பளவில் இருக்கும். நாளாக ஆகக் கடல்நீரின் உப்புக்கு அது உயரும். வெளியே போகும் பிள்ளையைக் கடலுக்குப் பழக்குவதுபோல் ஓர் ஏற்பாடு! தாய்மார்களுக்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற சுரப்பு நீரே கடல்குதிரைத் தகப்பனின் பையைக் காப்பதிலும் வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கர்ப்ப காலத்தில் அந்தப் பையில் விழித்தெழும் மரபணுக்கள் பலவும், பாலூட்டும் பிராணிகளின் கருப்பையில் வேலை செய்யும் மரபணுக்களை ஒத்திருப்பதாகக் கண்டனர்.

நம்முடைய வெப்பக் கடலில் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பிரசவம். மனிதத் தாயின் கருப்பை தானாகச் சுருங்கிப் பிள்ளையைத் தள்ளும். கடல்குதிரைத் தகப்பனோ உடம்பை முன்னும் பின்னும் மடித்து நிமிர்ந்து, எலும்போடு ஒட்டிய தசைகளால் அழுத்தித் தள்ள வேண்டும். அவனுக்கும் வலி உண்டோ என்னவோ! சில நூறு குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி அளவு, பெற்றவர்களின் அச்சு வடிவிலேயே வெளிவரும். அதன் பிறகு தகப்பனுக்கும் பிள்ளைக்கும் உறவில்லை. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போகும். ஆயிரத்தில் ஐந்துகூட வளர்ந்து ஆளாவதில்லை என்பர். தகப்பன் மறுநாளோ அதற்கடுத்த சில நாளிலோ மீண்டும் கர்ப்பமாகிவிடுவான்.

ஏன் இப்படி? பெண் மீன் முட்டையைக் கொடுத்துவிட்டு இரைதேடப் போகிறது. ஆண் சுமக்கும் அந்த மூன்று வாரமும், அவள் உடம்பில் அடுத்த தொகுதி முட்டை முற்றிக்கொண்டிருக்கும். பிரசவம் ஆனதும் முட்டை தயார். ஒருவரே இரண்டு வேலையும் பார்த்தால் ஆகும் காலத்தில், இருவரும் பகிர்ந்துகொண்டால் கூடுதல் பிள்ளைகள் பெறலாம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் லயத்து வீடுகளில் இந்தக் கணக்கை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. குழல்மீன் குடும்பத்தில் இன்று வாழும் வகைகளைப் பார்த்தாலே பரிணாமத்தின் படிகள் தெரியும். சிலவற்றில் ஆணின் வெறும் வயிற்றில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், மூடுவதற்கு ஒன்றுமில்லை. சிலவற்றில் இருபுறத்துத் தோலும் மடிந்து பாதி மூடும். கடல்குதிரையில் பை முழுவதும் மூடிவிட்டது. முட்டையைச் சற்றே நன்றாகக் காத்த தகப்பனுக்குச் சற்றே அதிகப் பிள்ளைகள் பிழைத்தன. அந்தப் பிள்ளைகளும் தகப்பனைப்போல் இருந்தன. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்ததே இன்றுள்ள பை.

பிள்ளையைச் சுமப்பவன் ஆண் என்றால், மணமகனுக்காகச் சண்டையிடுபவள் பெண்ணாக அல்லவா இருக்க வேண்டும்? அறிஞர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தனர். குழல்மீன்கள் பலவற்றில் அது மெய்யாகவும் இருந்தது. கடல்குதிரை மட்டும் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிட்டது. அமாண்டா வின்சென்ட் என்னும் அம்மையார் சிட்னிக் கடலில் மூழ்கி மூழ்கி, ஒவ்வொரு கடல்குதிரையாக அடையாளம் வைத்துக் கவனித்தார். ஒரே ஜோடி, நாள்தோறும் விடியற்காலையில் சந்திக்கும். நிறம் மாறி, ஒன்றையொன்று சுற்றி, சில நிமிடம் ஆடிவிட்டுப் பிரியும். அயலாரிடம் அந்த ஆட்டம் இல்லை. பெண்ணுக்காக வாலால் மல்லுக்கட்டுவதும், மூக்கால் தட்டிவிடுவதும் இங்கும் ஆண்களே. சுமப்பவனும் அவனே, சண்டை போடுபவனும் அவனே!

இந்த ஜோடி விசுவாசம் உண்மைதானா என்பதை மரபணுச் சோதனை காட்டியது. நம் நீதிமன்றங்களில் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று வழக்கு வருவதுண்டு. கடல்குதிரையில் தகப்பன் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவன். கேள்வி, தாய் யார் என்பது. ஆடம் ஜோன்சும் அவருடன் உழைத்தவர்களும் மேற்கு ஆஸ்திரேலியாவில் கர்ப்பமாயிருந்த ஆண்களின் பையிலிருந்த கருக்களைச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு பையிலும் ஒரே தாயின் பிள்ளைகளே இருந்தன. எல்லா வகைக் கடல்குதிரையும் வாழ்நாள் முழுவதும் ஏகபத்தினி விரதம் காப்பதாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒரு பருவத்துக்காவது ஒருத்தியோடு நிற்பது பல வகைகளில் வழக்கம்.

ஜோடியில் ஒன்றை வலை அள்ளிக்கொண்டு போனால், மற்றது புதுத் துணை தேடிக்கொள்ளும்வரை பிள்ளைப்பேறு நின்றுவிடும். ஆணைப் பிடித்துவிட்டாலோ அவன் வயிற்றில் இருந்த சில நூறும் சேர்ந்தே போகும். கடல்குதிரை வியாபாரத்தின் கேடு இதில்தான் இருக்கிறது. 1995ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடிக்கு மேற்பட்ட கடல்குதிரைகள் விலைபோயின என்று வின்சென்ட் அம்மையார் கணக்கெடுத்தார். அவற்றில் பெரும்பகுதி மருந்துச் சாடிகளுக்கே. தமிழ்நாட்டில் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் நம்மவர்களே இதைப் பிடித்து விற்றனர். 2001இல் இந்திய அரசு அதைச் சட்டத்தால் தடுத்தது. 2002இல், அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்துக்கான உலக உடன்படிக்கையிலும் கடல்குதிரை சேர்க்கப்பட்டு, 2004 மே மாதம் முதல் அந்தக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது.

நிமிர்ந்து நிற்கும் உருவம் எப்போது வந்தது? குழல்மீன் படுத்து நீந்துகிறது, கடல்குதிரை நிற்கிறது. ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட கடலில் நிலத்தட்டுகள் நகர்ந்து, ஆழமற்ற கடற்பரப்புகள் விரிந்தன. அங்கே கடற்புல் செழித்தது. நெடுக நிற்கும் புல்லுக்குள் ஒளிவதற்கு, நெடுக நிற்கும் உடம்பு வசதியானது. கடல்குதிரை இனம் பிறந்தது இந்தப் பக்கத்தில்தான் என்பது மரபணுக்களை ஒப்பிட்டு அறிஞர் சொல்லும் முடிவு. இங்கிருந்து புறப்பட்டு அது உலகெங்கும் பரவியது. ஐரோப்பாவில் சுலோவேனியா நாட்டுப் பாறையில் கிடைத்த கடல்குதிரைப் படிவங்களுக்கு வயது சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகள்.

ஆனால் நம் ஜொகூர் நீரிணைக்கு அது பின்னாளில் குடிவந்ததே. 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் நீர் பெரும்பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஜொகூரிலிருந்து சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் கால்நடையாகவே போகலாம். நீரிணை இருந்த இடம் காடு. பனி உருகிக் கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை எட்டியபோது, கரையில் புல் வேர்விட்டது. புல்லைத் தேடிக் கடல்குதிரையும் வந்தது. நீந்துவதில் அது மிக மந்தம். மிதக்கும் பாசியைப் பற்றிக்கொண்டு நீரோட்டத்தில் வந்து சேர்ந்த குஞ்சுகளாக இருக்கலாம்.

மரபணுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. கான்டர் பினாங்கில் பெயரிட்ட அந்தப் புலிவால் கடல்குதிரையின் மரபணுத் தொகுதி முழுவதையும் சீன, ஜெர்மன், சிங்கப்பூர் விஞ்ஞானிகள் சேர்ந்து படித்து 2016 டிசம்பரில் வெளியிட்டனர். சிங்கப்பூர்ப் பக்கத்தில் அதை நடத்தியவர்களில் ஒருவர் வெங்கடேஷ் என்னும் விஞ்ஞானி. மரபணு என்பது உடம்பு கட்டுவதற்கான குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்குதிரையின் குறிப்பேட்டில் சில பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. மீன்களுக்கு வயிற்றுத் துடுப்பு வளர்க்கும் ஒரு மரபணு அதில் இல்லை. நமக்குக் கால் உருவாவதிலும் அதே மரபணுவுக்குப் பங்குண்டு. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனில் அந்த ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, அதற்கும் வயிற்றுத் துடுப்பு இல்லாமற்போயிற்று. பல்லுக்கு மேற்பூச்சுக் கொடுக்கும் மரபணுக்களும் கடல்குதிரையில் அழிந்திருந்தன. பல் இல்லாத வாயால் சிற்றிறாலை உறிஞ்சி விழுங்கும் பிராணிக்கு அவற்றால் என்ன பயன்? பயன் இல்லாத பக்கம் கிழிந்தாலும் பிழைப்புக்குக் குறைவில்லை. ஆகவே அந்தக் கிழிசல் தலைமுறைகளுக்கு நிலைத்துவிட்டது.

வேறு சில பக்கங்கள் படியெடுக்கப்பட்டிருந்தன. முட்டைத் தோலைக் கரைத்துக் குஞ்சு வெளிவர உதவும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணு, கடல்குதிரையில் பல படிகளாகப் பெருகி, கர்ப்ப காலத்தில் தகப்பனின் பையில் வேலை செய்கிறது. அதன் பங்காளி மரபணு ஒன்றைக் குழல்மீனின் பையில் 2006இலேயே கண்டிருந்தனர். பால் வெட்டும் உளியைத் தீட்டி வீட்டில் காய் நறுக்குவதுபோல, பழைய கருவி புது வேலைக்கு வந்திருக்கிறது. பரிணாமம் பெரும்பாலும் செய்வது இதுதான். கடையில் புதிதாக வாங்குவதில்லை. வீட்டில் கிடப்பதை எடுத்துப் பயன்படுத்துகிறது.

இத்தனை கோடி ஆண்டுகள் சேர்த்த ஏற்பாடு எல்லாம் ஒன்றை நம்பியே நிற்கிறது: பிடித்துக்கொள்ள ஒரு புல். பூலாய் முகத்துவாரத்தில் மெரம்போங் தீவுக்கு அருகே, ஆழ வற்று நேரத்தில் நீருக்கு மேல் தெரியும் கடற்புல் படுகை ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் இதைவிடப் பெரிய படுகை இல்லை என்பர். கடற்பசு மேய்வதும் இங்கே. கடைத்தெருவில் நாம் வாங்கும் இறாலும் நண்டும் சிறுபருவத்தில் வளர்வது இத்தகைய புல்லில்தான்.

அந்தக் கரையின் அண்மைக்கால வரலாறு வேகமானது. 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாம் பாலம் திறந்தது. 1999இல் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் கப்பல்களை ஏற்கத் தொடங்கியது. 2003 ஜனவரி 31ஆம் நாள், பூலாய் ஆற்றின் பாக்காவ் மரக்காடு, 9,126 ஹெக்டர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒருபுறம் காப்பு, ஒருபுறம் கட்டடம். சூ சீ குவாங் என்னும் கடல் விஞ்ஞானி இந்தக் காலத்தில்தான் பூலாய்க் கடல்குதிரைகளை எண்ணத் தொடங்கினார். அவற்றைக் காக்க ஓர் அமைப்பையும் ஏற்படுத்தினார். மாணவர்களும் பொதுமக்களும் அவரோடு புல்படுகையில் நடந்தார்கள். 2013இல் அவர் இளமையிலேயே காலமானார். அவர் தொடங்கிய கணக்கெடுப்பைப் பிறர் தொடர்ந்தனர். தஞ்சோங் கூப்பாங் மீனவக் கிராமங்களில் 2008இல் தொடங்கிய கெலாப் அலாமி என்னும் குழுவில், மீனவர் வீட்டுப் பிள்ளைகளே தங்கள் கடலைப் படிக்கிறார்கள்.

2014 தொடக்கத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் செயற்கைத் தீவு நகரத்துக்காகக் கடலில் மணல் கொட்டத் தொடங்கினர். மணற்பாதை ஒன்று புல்படுகைக்குக் குறுக்கே ஓடியது. மீனவர்கள் முறையிட்டனர், சிங்கப்பூர் அரசும் விளக்கம் கேட்டது. அவ்வாண்டு நடுவில் வேலை நிறுத்தப்பட்டு, சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய்ந்து அறிக்கை தரும்படி ஆணை வந்தது. 2015 ஜனவரியில், அளவைக் குறைத்து, நான்கு தீவுகளாகப் பிரித்துக் கட்ட ஒப்புதல் கிடைத்தது. வேலை வாய்ப்பு வேண்டும் என்பவர்களின் நியாயத்தையும் நான் அறிவேன். நம் பிள்ளைகளும் அந்தத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டதைக் கண்ட பெரியவர்களுக்கு, ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தவனின் காலடி மண் கைமாறினால் என்ன ஆகும் என்று தெரியும். மனிதனாவது மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு தோட்டம் போகலாம். கடல்குதிரைக்கு நன்றாக நீந்தவும் வராது.

எண்ணுகிறவர்கள் ஆழ வற்று பார்த்துப் புறப்படுவார்கள். பல நாள் அது விடியற்காலையில் அமையும். கணுக்கால் நீரில், புல்லை மிதித்து நசுக்காமல் அடி அடியாக நடக்க வேண்டும். கடல்குதிரை புல்லின் நிறத்திலேயே இருப்பதால், பழகிய கண்ணுக்குத்தான் அகப்படும். அகப்பட்டதை நீரைவிட்டு அதிகம் தூக்காமல் அளந்து, ஆணா பெண்ணா, ஆணானால் வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்த்து ஏட்டில் குறித்துக்கொண்டு, எடுத்த அதே புல்லண்டையில் விடுவார்கள். அது வாலை நீட்டித் துழாவி, ஒரு தாளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நீர் ஏறத் தொடங்குமுன் அவர்கள் கரைக்குத் திரும்பியாக வேண்டும்.